தலைவர் ஏறி அமர்ந்த தராசு

நெருப்பை முதலில் மூட்டியவர் யார் என்று வரலாறு குறித்துவைக்கவில்லை. அப்படியொரு தவறு மறுபடி நேரக் கூடாது என்பதற்காகவே, தத்தேபயாஷி மோட்டார் பந்தய அன்பர்கள் சங்கம் தராசு தேர்ந்தெடுத்த கதையை, அதன் செயலாளராகிய நான் எழுதிவைக்கிறேன்.

சங்கத்தில் நான்கு பேர். தலைவர் ஹிராய்வா, துணைத் தலைவர் நுகுமிசு, செயலாளர் நான். நான்காமவர் கயோகோ. அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. கார் ஓட்டுவது மட்டும்தான். காரும் அவருடையதுதான். ஆம்புலன்ஸ் ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கிய சின்னப் பந்தயக் கார்.

அந்தக் காருக்கு ஒரு குணம். இடது வளைவில் சமர்த்தாகப் போகும். வலது வளைவில் பின்பக்கம் வழுக்கும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று பார்த்து, ஸ்பிரிங்குகளை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். இலையுதிர்காலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் காரை விற்றுவிடுவதாக கயோகோ கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனவே சங்கம் அவசரமாகக் கூடியது. அப்போது வசந்த காலம்.

"குளியலறையில வைக்கிற எடை மெஷின் நாலு போதுங்க," என்றார் கயோகோ. "பலகையோட ஒரு முனைய மெஷின்ல, மறு முனைய கட்டையில வச்சு, நட்டநடுவுல சக்கரத்த ஏத்தினா பாதி பாரம்தான் மெஷின்ல விழும். ரெண்டால பெருக்கிக்கலாம்."

நுகுமிசு வெலவெலத்துப் போனார். "கயோகோ-சான், துண்டக் கட்டிக்கிட்டு ஏறுற மெஷின்லயா பந்தயக் கார ஏத்தறது? அப்புறம் தலைவர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"எதிர்லதான உக்காந்திருக்கார்? இப்பவே முழிச்சுப் பழகிக்குங்க."

இந்தக் கருத்து 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது. அதாவது, செத்தது.

கம்பி உள்ள மின்னணுத் தராசா, கம்பியில்லாமல் போனில் எடை காட்டும் தராசா என்பது அடுத்த கேள்வி. தலைவர் மனசில் இருப்பது தெரியாமல் வாய் திறப்பது எங்கள் வழக்கமில்லை. அவரோ பார்லி தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு "ம்ம்..." என்றார். அடுத்த கூட்டம் அந்த 'ம்ம்'மின் பொருளை ஆராய்ந்தது. அதற்கடுத்த கூட்டம் ஆராய்ச்சி முடிவை ஏற்றுக்கொண்டது. கோடை முழுவதும் கயோகோ வலது வளைவுகளில் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

போட்டிக்கு முந்தின நாள் கம்பியில்லாத் தராசு வந்து இறங்கியது. அப்பேர்ப்பட்ட தராசு! ஈ உட்கார்ந்தாலும் எண் மாறியது. தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்தோம். ஷெட் தரை ஒரு பக்கம் சரிவு. தலைவர் வீட்டுத் தரை கோணல் என்று யார் சொல்வது? 'இந்த ஊரே கொஞ்சம் சரிவுதான்' என்று பொதுவாகச் சொல்லி, தகரத் துண்டுகள் கொடுத்து மட்டம் செய்தோம்.

எடை பார்க்கும்போது ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். கயோகோ ஹெல்மெட்டோடு கதவைத் திறந்தார். நுகுமிசு குறுக்கே வந்து குனிந்து நின்றார்.

"முதல் தடவை எடை பாக்கறோம். தலைவர் உக்காந்தாத்தான் முறை."

"ஐயையோ, நான் எதுக்குப்பா?" என்றார் தலைவர். மறுப்பு என்பது சம்மதத்தின் முதல் படி. மறுபடி வேண்டினோம், மறுபடி மறுத்தார், அமர்ந்தார். எடையில் தலைவர் என்பவர் இரண்டு கயோகோ. கார் 'ஹூம்' என்று பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது.

"ஓட்டப்போறது நான்ங்க!" என்றார் கயோகோ. "என் பாரத்துக்குத்தான் பாக்கணும்."

"ஒரு பெண்மணியோட எடை எல்லார் போன்லயும் பளிச்சுனு தெரியலாமா? சங்கத்துக்கு அது அழகில்லயே."

"நானே சொல்றேன், நாப்பத்தேழு கிலோ! ஊருக்கே கேக்கட்டும். என்னை ஏத்தாட்டிப் போங்க, அந்த எடைக்கு ஒரு அரிசி மூட்டையாவது வைங்க."

"தலைவர் இருந்த இடத்துல அரிசி மூட்டையா?" நுகுமிசு இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"இருக்கட்டும்மா," என்று தலைவர் இருக்கையிலிருந்தபடியே அருளினார். "எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

கயோகோவுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. நாங்கள் அதை நன்றிக் கண்ணீராக ஏற்றுக்கொண்டு, இருட்டும் வரை ஸ்பிரிங்குகளைத் திருகினோம். எதிரெதிர் மூலைகளைக் கூட்டிப் பார்க்கும் குறுக்குப் பாரம் இம்மி பிசகாமல் பாதிக்குப் பாதி வந்தது. கை தட்டினோம். தலைவர் இறங்கியதும் கார் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்ப்பது மரியாதையல்ல என்பதால் எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

மறுநாள் போட்டியில் வலது வளைவுகளில் கார் அற்புதமாகப் போனது. இடது வளைவில்தான் பின்பக்கம் சுழன்று, சரளைக் கற்களுக்குள் போய்ப் புதைந்தது. மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்த கயோகோவுக்குக் காயமில்லை. வாக்குத் தவறாமல் அந்த வாரமே காரை விற்றுவிட்டார்.

சங்கம் விசாரணை நடத்தியது. தராசில் குற்றமில்லை. ஸ்பிரிங்கில் குற்றமில்லை. ஓட்டுநரின் எடையில்தான் பெரும் பற்றாக்குறை என்று ஒருமனதாகக் கண்டறிந்தோம். "பாவம், சின்னப் பொண்ணு. மன்னிச்சு விட்டுடுவோம்," என்றார் தலைவர். அந்தப் பெருந்தன்மையில் எங்கள் கண் கலங்கியது.

காரை வாங்கியவர் பக்கத்து ஊர் உதோன் நூடுல்ஸ் கடைக்காரர். தலைவரின் பருமன், தலைவரின் உயரம். ஒரு ஸ்பிரிங்கையும் தொடாமல் அடுத்த போட்டியிலேயே முதலிடம் பிடித்தார்.

"பாத்தீங்களா! நம்ம அளவு தப்பல!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். விருந்து ஏற்பாடாயிற்று. கயோகோவையும் அழைக்கும்படி எனக்கு உத்தரவு. போன் செய்தேன்.

"வர்றேங்க," என்றார் கயோகோ. "தலைவர் என் சீட்ட விட்டு எந்திரிச்சிட்டார்னா சொல்லியனுப்புங்க."

"அவருக்கு வேலை இருக்காம்," என்று தலைவரிடம் பணிவோடு தெரிவித்தேன். எங்கள் சங்கத்தில் மரியாதை தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. இப்போது பந்தயக் கார் ஓட்டத் தெரிந்தவரும் ஒருவர்கூட இல்லை.