திறக்க மறுத்த சால்னா

பொறியியல் படித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பவர்களால் யாருக்கும் கெடுதல் கிடையாது. சும்மா இருக்க முடியாதவர்களால்தான் எல்லாக் கேடும். நான் இரண்டாவது வகை. பொருள் வடிவமைப்பில் மேல்படிப்பு முடித்துத் தென்காசிக்குத் திரும்பிய புதிதில், வீட்டிலிருந்த ஒவ்வொரு சாமானையும் திருத்தப் பார்த்தேன். (மிக்சி மூடியைத் திருத்தியதில் அடுப்படிச் சுவர் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.)

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் சித்தப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். சீசனில் பாதி வியாபாரம் பார்சல்தான். புரோட்டாவை வாழை இலையில் மடித்து, சால்னாவைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஒருநாள் அதிகாரிகள் வந்து கவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சித்தப்பா கவலைப்பட்டார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே குதூகலம். என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கன்கரன்ட் எஞ்சினியரிங் என்று ஒன்று உண்டு. பழைய முறையில் ஒருவர் வரைந்து அடுத்தவர் தலையில் கட்டுவார், அவர் செய்து அதற்கடுத்தவர் தலையில் கட்டுவார், கடைசியில் எல்லாம் குப்பை அள்ளுகிறவர் தலையில் வந்து விழும். இந்த முறையில் வரைகிறவர், செய்கிறவர், விற்கிறவர், வாங்குகிறவர், குப்பையை என்ன செய்வது என்று யோசிக்கிறவர் எல்லோரும் முதல் நாளே ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும். ஒரு பொருள் பூமிக்குப் பாரமாகுமா ஆகாதா என்பது வரைகிற மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே அந்த மேசையில் எல்லோருக்கும் வாய் இருக்க வேண்டும். இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சித்தப்பாவிடம் கல்லாப்பெட்டி பக்கத்தில் நின்று சொன்னேன்.

"அப்பம் எல்லாரும் ஒரே நேரத்துல வேலை பாக்கணும்ங்கியா?"

"ஆமா சித்தப்பா."

"சீசன்ல நாங்க அப்படித்தான பாக்கோம்."

"அது வேற சித்தப்பா." (எப்படி வேறு என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

'சால்னா 2.0' என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். சித்தப்பா, சால்னா மாஸ்டர், பார்சல் கட்டுகிற இசக்கி அண்ணன், கடையத்தில் பாக்கு மட்டைத் தட்டு அடிக்கிற ஒருவர், தலைமை நான். இரண்டு பாக்கு மட்டைக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து மூடுகிற மாதிரி ஒரு பொட்டி வரைந்தேன். மூடியில் 'மண்ணில் இட்டால் மக்கும்' என்று ஒரு முத்திரை. குழுவில் போட்டுக் கருத்துக் கேட்டேன். மாஸ்டர் விடியற்காலை முருகன் படம் அனுப்பினார். இசக்கி அண்ணன் ரோஜாப்பூவில் 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார். மட்டைக்காரர் வாழ்க்கைத் தத்துவம் அனுப்பினார். தொழில்நுட்ப விவாதத்துக்கு இது இடைஞ்சல் என்று பட்டதால், தலைமை மட்டுமே எழுத முடியும் என்று மாற்றி வைத்துவிட்டேன். மற்றவர்கள் கட்டைவிரல் தூக்கலாம், கும்பிடலாம். அதன்பிறகு விவாதம் மிகவும் அமைதியாக நடந்தது.

இந்த நேரத்தில்தான் செண்பகம் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ராணுவம், லீவில் வந்திருந்தார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், கடையத்துக்காரர். காலையில் எங்கள் வீட்டில் பெண் பார்த்துவிட்டு, ஐந்தருவியில் குளித்து, சாயங்காலம் குற்றாலத்து லாட்ஜில் சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்வதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் 'ஊருக்குப் போயி போன் பண்ணுதோம்' என்றால் போன் வராது என்று அர்த்தம். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் அருவிக்குக் கிளம்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சித்தப்பா கடையில இருந்துதான் சாப்பாடு போவுது. இன்னைக்கு மட்டும் ஒன் புராஜெக்ட வச்சிக்கிட்டு அங்கன நிக்காத. ஒன்னக் கெஞ்சிக் கேக்கேன்."

"சரிக்கா" என்றேன். மதியமே கடைக்குப் போய்விட்டேன். புது மாதிரிப் பொட்டி அறிமுகமாவதற்கு, ஒரு நல்ல குடும்பம் நல்ல பசியோடு உட்கார்ந்திருக்கிறதைவிட வேறு என்ன வேண்டும்?

அப்போது மாதிரிப் பொட்டி ஒன்றில் சால்னா ஊற்றிப் பார்த்தேன். ஓரத்தில் லேசாகக் கசிந்தது. நான் பதறவில்லை. குழுவில் எழுதினேன்: "கசிவு உள்ளது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் உடனே சரிசெய்யவும்." நான்கு கட்டைவிரல்கள் வந்தன. என் பங்குக்கு நானும் எல்லாப் பொட்டிக்கும் உள்ளே தேன்மெழுகு பூசி வைத்துவிட்டு, நல்ல சேலை கட்ட வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் நானும் சித்தப்பாவும் பொட்டிகளோடு லாட்ஜுக்குப் போனோம். அருவியில் குளித்தவர்களின் பசியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் நாகரிகம் எல்லாம் இரண்டாம் பட்சம். அத்தை (மாப்பிள்ளையின் அம்மா) இலையைப் பிரித்தார். புரோட்டாவிலிருந்து ஆவி பறந்தது. அதில் நான் கை வைத்திருக்கவில்லை, அதனால் நன்றாக இருந்தது. மாமா (ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர்) ஒரு பொட்டியை எடுத்தார். சுற்றியிருந்த வாழைநாரை அவிழ்த்தார். மூடியை இழுத்தார். திருகினார். நகத்தால் கீறினார். பைக் சாவியை விட்டு நெம்பினார், சாவி வளைந்தது.

"இதுக்குள்ள என்னதாம்மா வச்சிருக்க? நான் சர்வீசுல எத்தனையோ பூட்டத் தொறந்திருக்கேன்."

"சால்னா மாமா. சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்றேன்.

"சூழலுக்கு இருக்கட்டும். எங்களுக்கு?"

சித்தப்பா மெல்ல இசக்கி அண்ணனுக்குப் போன் போட்டார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பழக்கம்.

"ஏலே இசக்கி, பொட்டிய என்ன பண்ணித் தொலச்ச?"

"ஓட்டை இருக்குன்னு சொன்னாவல்லா முதலாளி, அதான் ஓரம் பூரா மைதா மாவ ஒட்டி, தோசைக்கல்லு ஓரத்துல வச்சி நல்லாக் காய விட்டேன். மாஸ்டரு நெலக்கடலைய அரைச்சி ஊத்தி சால்னாவக் கெட்டியாக்கிட்டாரு. மட்டைக்காரரு நாலு மணிக்குப் புதுப் பொட்டியாக் கொண்டாந்தாரு, ரெண்டு ரெண்டு மட்டையச் சேத்து அடிச்சிருக்காராம். தங்கச்சி வச்சிட்டுப் போன மெழுகையும் அதுக்கும் உருக்கித் தடவியாச்சி. நீங்கதான நாரக் கூட நாலு சுத்து சுத்துனிய?"

ஒரு சின்னக் கசிவுக்கு ஐந்து பேர் ஐந்து வைத்தியம் செய்திருந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில். "என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே அண்ணே" என்றேன், பரிதாபமாக.

"எங்கன சொல்லதும்மா? குரூப்புல எங்கள எழுதவே விட மாட்டியே."

மாமா என்னைப் பார்த்தார். விசாரணை முடிந்துவிட்டது என்கிற பார்வை.

இதற்குள் அக்காவிடமிருந்து செய்தி: "என்ன சொன்னாவ?" நான் எழுதினேன்: "சாப்ட்டுக்கிட்டு இருக்காவ."

மாப்பிள்ளை பொறுமைசாலி. பேசாமல் கீழே இறங்கிப்போய் இளநீர்க்காரரிடம் அரிவாள் வாங்கி வந்தார். பொட்டியைத் தரையில் நிறுத்தி ஒரே போடு. அது இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்த சால்னா முழுசாகக் கிளம்பி அவர் வெள்ளைச் சட்டையின் இடதுபக்க மார்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஒழுகவே இல்லை. பதக்கம் குத்தின மாதிரி அங்கேயே நின்றது. (கசிவைச் சரிசெய்யச் சொன்னேன் அல்லவா? சரியாகிவிட்டது.)

அத்தை எழுந்து, தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தார்.

"நாங்க எப்பவும் சால்னாவுக்கு வாளியோடதான் வருவோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா காலையிலயே குடுத்திருப்பேன்."

வாங்குகிறவரும் முதல் நாளே மேசையில் இருக்க வேண்டும் என்று நான்தான் மனப்பாடமாகச் சொல்வேன். குழுவில் ஐந்து பேர் இருந்தோம். சாப்பிடப் போகிறவர் ஒருவர்கூட இல்லை.

சித்தப்பா வாளியோடு கடைக்கு ஓடினார். மாஸ்டர் வெந்நீர் ஊற்றிச் சால்னாவை மறுபடி சால்னாவாக்கி அனுப்பினார். ஆறிப்போன புரோட்டாவை அவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நான் சுவரோரமாக, அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பட்டத்தோடு வாழப் பழகிக்கொண்டிருந்தேன். மாமா கை கழுவி வந்தார். சித்தப்பா துண்டை நீட்டினார்.

"அப்பம்... வீட்டுல என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?"

மாமா துண்டால் கையை நிதானமாகத் துடைத்தார். "ஊருக்குப் போயி..." என்று தொடங்கினார். நான் மீதிப் பொட்டிகளை அடுக்கத் தொடங்கினேன். "ஊருக்குப் போயி நாள் பாத்துட்டுச் சொல்லுதேன். பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. கல்யாணப் பந்தியில இந்தச் சின்னப்புள்ள எதையும் மூடப்படாது."

அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு மாப்பிள்ளை, பதக்கத்தோடு.

கல்யாணப் பந்தியில் நான் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் தொட்டால்கூட யாராவது "ஏட்டி" என்று அதட்டினார்கள். சித்தப்பா கடையில் இப்போது 'பாத்திரம் கொண்டு வந்தால் ஒரு கரண்டி சால்னா கூடுதல்' என்று போர்டு தொங்குகிறது. மாஸ்டர், இசக்கி அண்ணன், நாலு வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் ஒரு டீயைக் குடித்துக்கொண்டே பேசி முடிவு செய்ததாம். கன்கரன்ட் எஞ்சினியரிங்குக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

மாமா அன்றைக்கே திறக்காத பொட்டி ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்த் தன் தென்னந்தோப்பில் புதைத்துவிட்டார். மூடியில் எழுதியது உண்மையா என்று பார்க்க வேண்டுமாம். அக்கா போன் பண்ணுகிறபோதெல்லாம் வாங்கிப் பேசுவார். "கேசு இன்னும் நிலுவையிலதான் இருக்கு தாயி. அப்படியே கெடக்கு." தீபாவளிக்கும் அதே பதில், பொங்கலுக்கும் அதே பதில்.

போன வாரம் அவரே கூப்பிட்டார்.

"நேத்து மலையில இருந்து காட்டுப்பன்னி எறங்கிட்டு தாயி. தோப்புல ஒன் பொட்டியத் தோண்டி எடுத்திருக்கு. முட்டிப் பாத்திருக்கு, கடிச்சிப் பாத்திருக்கு, உருட்டிப் பாத்திருக்கு. கடைசியில அதுவும் ஆவாதுன்னு போட்டுட்டுப் போயிட்டு. நான் மறுபடியும் புதைச்சிட்டேன்."