பொங்காலைப் பானையும் பிரதான முடிவும்

இனிமேல் என் மனைவியிடம் ஏமாறுவதில்லை என்று பொங்காலைக்கு முந்தின நாள் காலையில் சபதம் எடுத்தேன். அது மத்தியானச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

நான் தம்பானூரில் ஒரு கோச்சிங் சென்டரில் லாஜிக்கல் ரீசனிங் நடத்துகிற ஆசாமி. பாதி வகுப்பு வீட்டிலிருந்தே ஆன்லைனில் நடக்கும். ஒரு வாதத்தைக் கொடுத்தால் அதில் காரணம் எது, பிரதான முடிவு எது என்று பிரித்துக் காட்டுவது என் தொழில். "முடிவு கடைசியிலதான் வரும்னு நம்பாதீங்க. முதல் வரியிலேயே சாதுவா உட்கார்ந்திருக்கும். 'அதனால'ங்கிற சொல்லைப் பார்த்து மயங்காதீங்க. ஒவ்வொரு வரியையும் ஏன்னு கேளுங்க. மத்த வரியெல்லாம் எதுக்குப் பதில் சொல்லுதோ, அதுதான் முடிவு!" வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

கேரளத்துப் பெண்கள் கூடி அம்மனுக்குப் பொங்கலிடுகிற பொங்காலையன்று எங்கள் மணக்காட்டில் ஆண்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடையாது. தெருவெல்லாம் பெண்கள், அடுப்பு, புகை. சென்டருக்கும் விடுமுறை. ஏ.சி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க கிரிக்கெட் பார்ப்பது என்று வாரக்கணக்காகக் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

முந்தின நாள் காலை என் மனைவி கிருஷ்ணவேணி காபியோடு வந்தாள். பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி ஷெமி எங்கள் வாசலில் அடுப்புக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா, உங்க பெட்டியைப் பரண்லேருந்து எறக்கித் தொடச்சு வச்சிருக்கேன்."

"ம்."

"நாகர்கோவில்லேருந்து மைனி வாறா. சித்தி வாறா. சித்திக்க சம்பந்தி வாறா. அவ தெருக்காரங்களும் ஒட்டிக்கிட்டு வாறாங்க."

"வரட்டுமே."

"எல்லாரும் இங்கதான் படுக்கணும். அத்தனை பொம்பளைகளுக்கு நடுவுல ஒத்தை ஆம்பிளை இருந்தா கூச்சம்லா? தம்பானூர்ல ஒரு லாட்ஜ்கூட காலி இல்லியாம். என் தம்பி கழக்கூட்டத்து ஃபிளாட்டுல ஒத்தைக்குத்தான் கெடக்கான். அதனால, நீங்க ஆரியசாலைக்குப் போயி ஒரு மண்பானை வாங்கிட்டு வாங்க."

என் தொழில்மூளை துள்ளி எழுந்தது. 'அதனால'! வந்துவிட்டது முடிவு! மைனி, சித்தி, லாட்ஜ், தம்பி எல்லாம் சும்மா காரணங்கள். இவளுக்கு வேண்டியது ஒரு பானை. இதற்கா இத்தனை பீடிகை?

"வேணி, நீ சொல்ல வந்த பிரதான முடிவு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"நெசமாவா? சம்மதந்தானா?"

"முழுச் சம்மதம்!"

"பொறவு மாத்திப் பேசப்பிடாது."

"சார் சம்மதிச்சு, கேட்டோ! ஞான் சாட்சி," என்றாள் ஷெமி வாசலிலிருந்து.

ஒரு பானைக்குச் சாட்சி எதற்கு என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஆரியசாலையில் ஊரே பானை வாங்கிக்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்து, பேரம் பேசி, ஆட்டோ கிடைக்காமல் வெயிலில் பானையை இடுப்பில் ஏந்திக்கொண்டு வீடு வந்தேன். கேட்டருகே என் பெட்டி நின்றது. அதன்மேல் என் தலையணை. ஏ.சி. அறைக்குள் நாகர்கோவிலே சிரித்துக்கொண்டிருந்தது.

"வேணி! என்னடி இது?"

"உங்க பெட்டி. காலையிலேயே சொன்னேம்லா? தம்பி வீட்டுக்குப் போக முழுச் சம்மதம்னியளே."

தம்பி வீடா! என் மச்சினன் அழகியநம்பி, விருந்தாளியை விடியுமுன் எழுப்பிப் பாகற்காய்ச் சாறு கொடுக்கிறவன்.

"நான் பானைக்குத்தானே சம்மதிச்சேன்! 'அதனால'ன்னு நீதானே சொன்னே!"

"அதைக் கண்டு மயங்கப்பிடாதுன்னு நீங்க கிளாஸ்ல கத்துறது அடுக்களை வரைக்கும் கேக்குமே! முதல் வரியை ஏன்னு கேளுங்க, பாப்பம்."

கேட்டேன். பெட்டி ஏன் இறங்கியது? மைனி பதில் சொன்னாள். சித்தி பதில் சொன்னாள். கூச்சம், லாட்ஜ், மச்சினன், எல்லாரும் வரிசையாகப் பதில் சொன்னார்கள். பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ பானை?"

"பொங்காலைக்குப் போன வாரமே வாங்கியாச்சு. நீங்க வெளிய போனாத்தானே பெட்டி கட்ட முடியும்?"

"இதை என்ன பண்றது?"

"கையிலயே வச்சுக்கிடுங்க."

கேரளத்துப் பெண்களெல்லாம் பானையோடு நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். பானையோடு வெளியே போன ஒரே ஜீவன் நான்தான். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அழகியநம்பி கதவைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்தான்.

"வாங்க அத்தான்! குடிதண்ணிக்கு ஒரு பானை வேணும்னு அக்காகிட்ட கேட்டிருந்தேன். நீங்களே கொண்டு வருவியன்னு போன வாரமே சொல்லிட்டா."