குடம் டீச்சர் நடத்திய கிரேக்க பாடம்

எகிப்து, கிரேக்கம், சீனா, ரோம் என்று நான்கு பேரரசுகளோடு ஒரே நேரத்தில் சண்டை போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். காரிமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தார். குடம் டீச்சர் என்று பெயர் வைத்தது பிள்ளைகள். ஊர் முழுக்கப் பரப்பியது கணக்கு வாத்தியாரான நான்.

எங்கே வரலாற்றுப் பாடப் புத்தகம் கிடைத்தாலும் வாங்கி வந்து படங்களைத்தான் முதலில் புரட்டுவார். ஒருநாள் மதியம் வீட்டுக்குப் போய் வந்த கையோடு என் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் நான்கைந்து புத்தகங்களை விரித்துப் போட்டார்.

"பாருங்க சார். எகிப்துல இவ மாவு அரைக்கறா. சீனாவுல நூல் நூக்கறா. கிரீஸ்ல தலையில கொடம். ரோம்ல தூணுக்குப் பக்கத்துல சும்மா நிக்கறா. ஆம்பளைங்க அத்தன பேரும் குதிர மேல!"

"அந்தக் காலத்துல அப்படித்தாங்களே டீச்சர்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

"நீங்க போய்ப் பாத்தீங்களா? எகிப்துல பொம்பளைங்க நெலம் வெச்சிருந்தாங்க, வழக்குப் போட்டாங்க. அத ஏன் ஒருத்தரும் வரையல?"

மணி அடித்தது. தயிர்சாதம் அப்படியே இருந்தது.

அவர் பாடம் நடத்தும் முறை அலாதியானது. புத்தகத்துப் படத்தில் இருப்பதுபோலவே பிள்ளைகள் நிற்க வேண்டும். ஆனால் பெண்கள் இடத்தில் பையன்கள், ஆண்கள் இடத்தில் பெண்கள். கிரேக்கப் பெண்ணாக நிற்கும் பையன் தலையில் பச்சை பிளாஸ்டிக் குடம், விளிம்புவரை தண்ணீரோடு. பாடம் முடியும்வரை இறக்கக் கூடாது. ஒருநாள் பெஞ்சின் மேல் குதிரையேறிய ரோமச் சக்கரவர்த்தினி என் பாட வேளையிலும் இறங்க மறுத்துவிட்டாள். அல்ஜீப்ராவை ஒரு பேரரசிக்கு அண்ணாந்து பார்த்தபடி நடத்திய முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

வினை, தக்காளி மண்டிக்காரர் வடிவில் வந்தது. அவர் மகன்தான் அந்த வாரத்துக் கிரேக்கப் பெண். வெள்ளைச் சட்டை, கையில் மனு, முகத்தில் அனல்.

"எம்பையன் கொடம் தூக்கறதுக்கா ஸ்கூலுக்கு அனுப்பறேன்? மேலிடத்துல மனு குடுக்கப் போறேங்க!"

மனு போனால் டீச்சருக்கு இடமாறுதல்தான். நடக்க முடியாத அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வருஷம் காத்திருந்து சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கி வந்தவர் அவர். மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருவார்.

"ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க டீச்சர், விஷயம் முடிஞ்சிடும்" என்று தலைமை ஆசிரியர் கெஞ்சினார்.

"கேக்கறேங்க சார். இந்த அண்ணா அஞ்சு நிமிஷம் அந்தப் படத்துல நின்னுட்டா ஒடனே கேட்டுடறேன்."

"அஞ்சா? அம்பது நிமிஷம் நிக்கறேன். தக்காளிக் கூடை தூக்குன தலைங்க இது!" என்று மண்டிக்காரர் மீசையைத் தடவினார்.

அத்தனை பேரும் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தோம். குடம் ஏறியது. டீச்சர் ஏதென்ஸ் நகரத்தை நிதானமாகத் தெரு தெருவாகச் சுற்றிக் காட்டினார். மூன்றாவது நிமிஷம் மண்டிக்காரருக்குக் கழுத்து ஆடியது. நான்காவது நிமிஷம் கிரேக்க நாகரிகம் மொத்தமும் அவர் சட்டை மேல் கவிழ்ந்தது. பாக்கெட்டில் செருகியிருந்த மனுவும் ஊறிப்போனது.

முதலில் சிரித்தது அவர் மகன். மண்டிக்காரர் முறைத்தார். மனுவை எடுத்துத் துணி பிழிவதுபோல் பிழிந்தார்.

"சரிங்க டீச்சர், பையன் நிக்கட்டும். கொடத்த மட்டும் பாதி ரொப்புங்க."

"புத்தகத்துல அவ பாதிக் கொடம் தூக்கலைங்களே அண்ணா."

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். மண்டிக்காரர் டீச்சரையே பார்த்தார். பிறகு ஈர மீசையோடு வெடித்துச் சிரித்தார்.

"வூட்டுக்காரிகிட்ட பேசற மாதிரியே இருக்குதுங்க. முழுசாவே ரொப்புங்க!"

அன்று மதியம், டீச்சர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டி அவர் வாய்க்குப் போவதற்குள் பருக்கைகள் பாயில் சிந்தின.

"என்னங்க டீச்சர், பாதிச் சோறு பாயிலதான் விழுது?"

"பயந்துட்டேங்க சார். மாத்திட்டாங்கன்னா அப்பாவ எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

"அப்ப எதுக்குங்க அந்தப் பாதிக் கொடம் பேச்சு?"

"புத்தகத்துல இருக்கறது முழுக் கொடமாச்சுங்களே சார்" என்று அடுத்த வாயை எடுத்தார்.

அதுவரை அவரைப் பயமே தெரியாத ஆள் என்று நினைத்துத்தான் கேலி பேசித் திரிந்தேன். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அப்படி நின்றார் என்று தெரிந்தபோது, அந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.