பெருவிரலும் ஒரு பழைய இருமலும்

இனி இந்த வீட்டில் என் சொல்தான் செல்லும் என்று நான் முடிவெடுத்த நாளில், என் பெருவிரலைத் தவிர வேறெதுவும் என் பக்கம் இல்லை.

உரக்கடைக் கருவியில் விவசாயி விரலை வைத்தால்தான் மானிய விலையில் மூட்டை. மீதி விலையை அரசாங்கம் கொடுத்துவிடும். களையெடுத்தே ரேகை தேய்ந்த என் மனைவியின் விரலை அந்தக் கருவி மதிப்பதில்லை. என் விரலைக் கண்டதும் பச்சை விளக்கு. உழைக்காத விரலுக்குத்தான் எத்தனை மரியாதை!

மூட்டைகளை வாங்கி, வயலோர மோட்டார் அறையில் பூட்டினேன். பசை காய்ச்ச இதே உரத்தைத் திருட்டுத்தனமாக வாங்கும் தொழிற்சாலை ஆள் இரட்டை விலை தருவதாகச் சொல்லியிருந்தான். வாரக் கடைசியில் வண்டி வரும். வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"கருவி என் விரலையும் ஏத்துக்கல."

"ஐயோ, பயிரு மஞ்சளாக் கெடக்கே! மாமா இருந்தா பொறுப்பாரா?"

மாமா என்றால் என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

மறுநாள் சாயங்காலம் அறையைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு மூட்டை குறைந்திருந்தது. வெள்ளை உரமணிகள் தரையில் ஓடி, கதவுக்கு அடியில் நழுவி, வயலுக்குள் இறங்கியிருந்தன. காற்றே இல்லை. ஆனாலும் பயிர் விலகி விலகிச் சேர்ந்தது, நடுவில் யாரோ நடப்பதுபோல.

அப்புறம் அந்த இருமல். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அப்பாவுடையது.

யாரிடம் சொல்வது? தேள் கொட்டிய திருடன் வாய்விட்டு அலற முடியுமா?

தினம் ஒரு மூட்டை போயிற்று. வண்டி வந்தபோது வெறும் சுவர்தான் இருந்தது. வயலோ கரும்பச்சையாக நின்றது.

"உரமே இல்லாம எப்படி...?" என்றேன்.

"மாமா கனவுல வந்தாருங்க. 'அவன் கைய மண்ணுல வெக்கச் சொல்லு, நான் போயிடறேன்'னார்."

வைத்தேன். அறுவடைவரை களை பறித்தேன், வரப்பு வெட்டினேன். இருமல் நின்றது. அவள் நிழலில் உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பருவம் கடைக்கு இருவருமாகப் போனோம். விரலை வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு.

"அண்ணே, இப்படி ஒரு ஆளே இல்லைங்குது" என்றார் கடைக்காரர்.

போனவர் அப்பாதானா, இல்லை நானா?

அவள் தன் விரலை வைத்தாள். பச்சை.

"போன தடவை நீங்க மூட்டை வாங்கினதும் சேதி என் போனுக்குல்ல வந்துச்சு" என்றாள். "மோட்டார் அறைக்கு இன்னொரு சாவி உண்டு. மாமா என்கிட்டதான் குடுத்துட்டுப் போனார்."

"எல்லாம் சரி. அந்த இருமலை எப்படிடி இருமினே?"

அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"எந்த இருமல்?" என்றாள். பிறகு மூட்டையைக் காட்டினாள். "அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல தூக்குங்க."