லிஃப்ட் வந்த பில்டிங்கும் மீட்டிங் நடந்த பில்டிங்கும்

சிரஞ்சீவி சாய்கிருஷ்ணாவுக்கு,

தேஹு ரோட்டிலிருந்து மாமா ரவிசந்திரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் மாமியும் சௌக்கியம். மாமியின் முழங்காலைக் கேட்டால் அது வேறு சொல்லும். உன் சௌக்கியத்துக்கும் உன் ஆராய்ச்சியின் சௌக்கியத்துக்கும் பகவானை வேண்டிக்கொள்கிறேன்.

வளரும் நாடுகளில் ஜனநாயகம் பொருளாதாரத்தை வளர்க்குமா, இழுத்துப் பிடிக்குமா என்று நீ கட்டுரை வாசிக்கப் போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். அதற்காக ஆப்பிரிக்கா, கொரியா என்று புள்ளிவிவரம் தேடி அலையாதே. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தால் போதும். அந்தப் பக்கத்து பில்டிங்குக்கு செக்ரட்டரி வால்டர். ஆயுதக் கிடங்கு ஆபீசில் என்னோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவன். எனக்கு முன்னால் புரமோஷன் வாங்கியவன் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அங்கே தேர்தல் நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. யார் எதைக் கேட்டாலும் "விஷய் சம்ப்லா", அதாவது விஷயம் முடிந்தது என்று மராத்தியில் பேச்சை முடித்துவிடுவான். ஆனால் அங்கே மொட்டைமாடியில் சோலார் வந்தது, சுவருக்குப் பெயின்ட் வந்தது, போன தீபாவளிக்கு லிஃப்ட்டும் வந்தது, எங்கள் வாடகைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே குடிபோனார்கள். நானோ முறைப்படி ஓட்டு வாங்கி வந்த சேர்மன். லிஃப்ட் என்று நான் வாயைத் திறந்ததும், கீழ்த்தளத்துக்காரர்கள் எங்களுக்கு எதற்கு என்றார்கள், முதல் மாடிக்காரர்கள் படியேறுவது இதயத்துக்கு நல்லது என்றார்கள், கடைசியில் ஒரு துணைக் கமிட்டி போட்டோம், அதுவும் லிஃப்ட்டுக்குள் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்று இரண்டாகப் பிளந்தது. மாமி பால்கனியில் நின்று அடுத்த பில்டிங் லிஃப்ட்டின் விளக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "வால்டர் மாதிரி ஒருத்தர் நமக்கு வாய்க்கலையே" என்றாள். 'நமக்கு' என்று அவள் சொன்னது பில்டிங்குக்குத்தானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் நானும் சர்வாதிகாரியாவது என்று தீர்மானித்தேன். யாரையும் கேட்காமல் லிஃப்ட் கம்பெனி ஆட்களை வரவழைத்துப் பள்ளம் தோண்டச் சொன்னேன். கீழ்த்தளத்து மனோஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சரியாக அந்த இடத்தில் போட்டு, உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். என் சர்வாதிகாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துபோயிற்று. சாயங்காலம் மீட்டிங்கில் எல்லோரும் என்னைக் காய்ச்சி எடுத்து ஓய்ந்த பிறகு மனோஜ் நிதானமாகச் சொன்னார்:

"லிஃப்ட் வேண்டாம்னு நான் சொல்லலை சார். நீங்க தோண்டச் சொன்ன இடத்துக்குக் கீழே தண்ணித் தொட்டி இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பில்டிங்குக்குப் பின்பக்கம் லிஃப்ட் என்று அன்றைக்கே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எனக்கே நம்ப முடியவில்லை.

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், வால்டர் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டான். அந்த பில்டிங்கில் குடியிருக்கும் ஸ்ரீரஞ்சனி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மொத்த ஜனமும் படிக்கட்டில் கைகட்டி நிற்கிறது. மெக்கானிக்கை யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், ஆனால் மூக்குக்கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் நம்பரைத் தேடினேன். ஒருவழியாகக் கதவு திறந்து, வியர்வையில் தொப்பலாக நனைந்து வந்த வால்டர், ஒருத்தருக்குக்கூட மெக்கானிக்கைக் கூப்பிடத் தோன்றவில்லையா என்று கேட்டான்.

ஸ்ரீரஞ்சனி சொன்னாள்: "நீங்க சொல்லாம நாங்க எதைச் செஞ்சிருக்கோம் அங்கிள்?"

வால்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு அழைத்துவந்தேன். மாமி காபி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான்.

ஆகவே நீ தைரியமாக எழுதலாம். ஒற்றை ஆள் முடிவெடுத்தால் வளர்ச்சி சீக்கிரம் வரும், அந்த ஆள் மாட்டிக்கொண்டால் ஊரே நின்றுவிடும். சண்டை போட்டுத் தாமதமாக வருவதுதான் நிலைக்கும். எனக்கு இப்போது வால்டர்மீது எள்ளளவும் பொறாமை இல்லை.

உன் கட்டுரைக்குக் கைதட்டலும், உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும், கூடிய சீக்கிரம் கல்யாணமும் கிடைக்க மாமியும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் மாமா
ரவிசந்திரன்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்குள் ஒரு செய்தி. வால்டர் தன் பில்டிங்கில் கூட்டம் போட்டு, ரகசிய வாக்கெடுப்பே நடத்தியிருக்கிறான். எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழாமல் அவனே ஜெயித்துவிட்டான். இங்கே எங்கள் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்ய இன்னொரு துணைக் கமிட்டி வந்திருக்கிறது. மேலே எழுதியது எதையும் கட்டுரையில் சேர்க்காதே. வால்டர் மகன் கிரேக் உன்னோடு காலேஜில் படித்தவன்தானே? அவர்கள் பில்டிங்கில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறதாம். யாருக்கு என்று சொல்லாமல் அவனிடம் மெதுவாக விசாரி.