பல் கூசாத ஒயின்

வெண்டலின் மூன்றாவது முறையாகப் பீப்பாயிலிருந்து ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தார். மூன்றாவது முறையும் முகம் கோணவில்லை.

“புர்கி, கொஞ்சம் கீழே வாயேன்” என்று நிலவறையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார்.

புர்கி மாவுக் கையோடு இறங்கி வந்தாள். ஒரு மடக்குக் குடித்தாள். உதட்டை நக்கிக்கொண்டாள்.

“நல்லாத்தானே இருக்கு.”

“அதுதான் பிரச்சினை.”

ஆஸ்திரியாவில் ஸ்டைன்ஸ் பக்கத்துச் சரிவுகளில் விளைகிற வில்ட்பாஹர் திராட்சைக்கு ஒரே பெருமைதான் உண்டு. புளிப்பு. அதைப் பிழிந்து எடுக்கிற ஷில்ஹர் ஒயின் வெங்காயத்தோல் நிறத்தில் சாதுவாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் காது வரைக்கும் இழுக்கும். போன கோடையில் அடித்த வெயிலில் திராட்சை கனிந்தது. கூடவே புளிப்பும் போய்விட்டது.

சாதாரண விவசாயி என்றால் சும்மா இருந்துவிடலாம். வெண்டலின் ஊர் ஒயின் சங்கத்தின் தலைவர். பல் கூசாத ஷில்ஹர் வைத்திருப்பவர் அந்தக் கோடை முழுக்க வாசலில் ஒயின் கடைக்கு அடையாளமான பைன் கிளையைக் கட்டிக் கடை திறக்கக் கூடாது என்று விதி எழுதியவரே அவர்தான். போன வருடம் எதிர்ச்சரிவு ரூப்ரெஹ்டின் ஒயினை மேடையில் நின்றபடி குடித்துப் பார்த்துவிட்டு, “இதைப் பால்புட்டியில் ஊற்றிக் கொடுக்கலாம்” என்று சொல்லியிருந்தார். ஊரே சிரித்தது. ரூப்ரெஹ்ட் மட்டும் சிரிக்கவில்லை.

ஊர் ஒயின் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம்.

முதலில் ஒரு ஜாடியை ஐஸ் பெட்டியில் வைத்து, உறையப் போகிற நேரத்தில் எடுத்துப் புர்கியிடம் நீட்டினார்.

“இப்போ பல் கூசுதா?”

“கூசுது. ஐஸ்கட்டியைக் கடிச்சாலும் கூசும்.”

அடுத்து, இனிப்புத் தின்ற வாய்க்கு எதுவுமே புளிக்கும் என்று அவருக்குத் தோன்றியது. புர்கி வால்நட்டும் தேனும் வைத்து ரொட்டி சுட்டாள். சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று, கடிதம் கொண்டுவந்த தபால்காரரை உட்கார வைத்தார்கள். அந்த மனிதர் இரண்டு துண்டு தின்றார், ஒரு கோப்பை குடித்தார், மறுபடியும் கோப்பையை நீட்டினார்.

“பதினெட்டு வருஷமா உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க ஒயினைக் குடிச்சு அழாம இருந்தது இன்னைக்குத்தான்.”

“புளிப்பு தெரியலையா உங்களுக்கு?”

“புளிப்பா? அடுத்த மாசம் என் மச்சினி கல்யாணத்துக்கு இதையே குடுங்களேன்.”

தபால்காரர் சைக்கிளில் ஏறிப் போனார். அவர் இன்னும் நாற்பது வீட்டுக்குக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் கடிதத்தோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் ரூப்ரெஹ்ட் வந்துவிட்டார். முற்றத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

“ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன், வெண்டலின். கீழே போய் ஒரு வாய் குடிச்சுக்கிட்டே பேசுவோமா?”

“கீழே போக முடியாது.”

“ஏன்?”

“பீப்பாயைச் சுத்தம் பண்ணக் கந்தகம் போட்டிருக்கேன். மூச்சு முட்டும்.”

“பரவாயில்லை. வெளியவே காத்திருக்கேன்.” ரூப்ரெஹ்ட் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

போடாத கந்தகத்தைப் போட்டதாகச் சொன்னதால், இனி போட்டே ஆக வேண்டும். வெண்டலின் பின்வழியாக நிலவறைக்குள் இறங்கி ஒரு காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்தினார். அவசரத்தில் ஒன்றுக்கு ஆறு திரி. ஆறாவது திரி கை தவறிப் பழைய சாக்குக் குவியலில் விழுந்தது. அவர் இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தியபோது, சாவி உள்பக்கம் தங்கிவிட்டது.

தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்த புர்கி, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து மஞ்சள் புகை வருவதைப் பார்த்துத் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தாள். அந்த ஊரில் தீயணைப்புப் படை என்றால் சங்கத்துத் திராட்சைக்காரர்கள்தான். படைத் தலைவர் ரூப்ரெஹ்ட். முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது.

“எங்கே தீ?” என்று போனில் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பி வெண்டலினைப் பார்த்தார். “நான் இங்கேதான்மா இருக்கேன், புர்கி. உன் புருஷன் பக்கத்துலயே.”

பத்து நிமிடத்தில் மற்ற நான்கு திராட்சைக்காரர்களும் தலைக்கவசத்தோடு வந்து கதவை உடைத்தார்கள். சாக்கு அணைந்தது. வெண்டலின் படியில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“யாரும் ஒயினைத் தொடாதீங்க. விஷம். கந்தகம் இறங்கியிருக்கும்.”

தீ அணைத்தவர்களுக்கு ஒரு கோப்பை கொடுக்காமல் அனுப்பிய வீடு அந்தச் சரிவிலேயே அது ஒன்றுதான். நால்வரும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ரூப்ரெஹ்ட் கடைசியாக மேலே ஏறிவந்தார். அவர் மீசை ஈரமாக இருந்தது. குழாய்த் தண்ணீரா, ஒயினா என்று வெண்டலினுக்குத் தெரியவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலே ரூப்ரெஹ்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் புர்கி, “பேசாம உண்மையைச் சொல்லிடேன்” என்றாள்.

“சொன்னா, எழுதின விதிப்படி நான்தான் முதல்ல கடையை மூடணும்.”

“மூடினா என்ன? மானமாவது மிஞ்சும்.”

“கடையும் வேணும், மானமும் வேணும்.” வெண்டலின் பூசணி விதை எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே யோசித்தார். ரொட்டி ஊறிக் கரைந்தது. “கிரெஸென்ஸ்” என்றார்.

கிரெஸென்ஸின் தோட்டம் காட்டு நிழலில், வடக்கு பார்த்த சரிவில் இருந்தது. அங்கே வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. தனியாக டிராக்டர் ஓட்டி, தனியாகக் கொடி வெட்டி, தனியாகவே பிழிந்து அவள் எடுக்கிற ஒயின் அந்த ஊர்க்காரர்களுக்கே தாங்காது. திருவிழாவில் ஒரு மேசை கேட்டு அவள் வருடாவருடம் விண்ணப்பம் போடுவாள். “மேசை விரிப்பு கிழிஞ்சிடும்” என்று சொல்லி வெண்டலின் வருடாவருடம் அதைத் தள்ளுபடி செய்வார்.

மறுநாள் ஊரே தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், பீப்பாயை டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போனார். கிரெஸென்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். அவரைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“வாங்க தலைவரே. எவ்வளவு வேணும்?”

“ஒரு பீப்பாய். காசு என்னன்னு...”

“காசு வேண்டாம். என்னோடது ஒண்ணு எடுத்துக்குங்க, உங்களோடது ஒண்ணு விட்டுட்டுப் போங்க.”

“என் ஒயின் உங்களுக்கு எதுக்கு?”

“கறி ஊற வைக்க.”

வெண்டலின் அதையும் விழுங்கினார்.

“அப்புறம் திருவிழாவுல எனக்கு ஒரு மேசை” என்றாள். காகிதமும் பேனாவும் தயாராக வைத்திருந்தாள். அவர் டிராக்டர் சக்கரத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“போகும்போது பின்வாசல் வழியா போங்க. முன்வாசல் ஒரே சேறு. வண்டி போய்ப் போய்க் குழைஞ்சு கிடக்கு.”

வீட்டுக்கு வந்து அந்த ஒயினில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்திலும் கொஞ்சம் வந்தது.

திருவிழா அன்று நடுப்பகல். தேவாலயத்துக்கு முன்னால் ஏழு மேசை. நடுவர் கிராட்ஸிலிருந்து வந்த ஓர் அம்மாள். நெடுநெடுவென்று உயரம், ஒயின் பள்ளியில் ஆசிரியை. யாருடையது என்று தெரியாதபடி ஏழு ஜாடிக்கும் துணி சுற்றி எண் ஒட்டியிருந்தது.

முதல் ஜாடியைக் குடித்ததும் அவள் ஒரு கண்ணை மூடினாள். இரண்டாவதுக்கு இரண்டு கண்ணையும். மூன்றாவது முடிந்ததும் ரொட்டி கேட்டாள். ஐந்தாவதைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். ஆறாவது ஜாடி வெண்டலினுடையது. அதைக் குடித்ததும் அவளுடைய இடது தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. வெண்டலின் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஏழாவதைக் குடித்தாள். துப்பவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

“நான் இருபது வருஷமா ஷில்ஹர் குடிக்கிறேன்” என்றாள் ஒலிபெருக்கியில். “முதல் ஆறும் எனக்கு வித்தியாசமே தெரியல. ஒரே அறுவை. இந்த ஏழாவதுலதான் திராட்சையோட மணமே தெரியுது. காட்டு ஸ்ட்ராபெரி மாதிரி. பரிசு இதுக்குத்தான். வியன்னாவுல அடுத்த மாசம் நடக்கிற கண்காட்சிக்கும் இந்த ஊர் சார்பா இதுதான் போகும். யாரோடது?”

கிரெஸென்ஸ் கையைத் தூக்கினாள். கூட்டம் மொத்தமும் அவள் மேசைக்கு நகர்ந்தது. அதே நேரத்தில் வெண்டலின் மேசையில் நின்றிருந்த ஒரே ஆள், குடித்த கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

புர்கி கூட்டத்துக்குள் புகுந்து ஒரு கோப்பை வாங்கிவந்தாள். வெண்டலின் ஒரு வாய் குடித்தார். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுச் சட்டையில் பார்த்தது போல இருந்தது.

“நம்மளுதுதானே?” என்றாள் புர்கி தாழ்ந்த குரலில்.

“வாயை மூடு.”

“வியன்னாவுக்குப் போகுதாம்ல.”

இருபது எண்ணுகிற வரைக்கும் வெண்டலினால் பொறுக்க முடிந்தது. பிறகு நேராக மேடைக்குப் போனார்.

“அம்மா, அந்த ஒயின் என்னோடது” என்றார். “வெயில்ல என் ஷில்ஹர் சாதுவாப் போச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு அவங்க பீப்பாயோட மாத்திக்கிட்டேன். தப்புதான். தலைவர் பதவியை இப்பவே விட்டுடறேன். ஆனா வியன்னாவுக்கு என் பேருலதான் போகணும்.”

நெரிசலுக்குள்ளிருந்து ரூப்ரெஹ்ட் வந்தார். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

“இந்த ஆள் பொய் சொல்றார்.”

“என்னய்யா பொய்? உனக்கு எப்படித் தெரியும்?”

ரூப்ரெஹ்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். “ஏன்னா அது என்னோடது. உன்கிட்ட ஒரு பீப்பாய் புளிப்பு ஒயின் கேக்கலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். கேக்க முடியாமப் போச்சு. அப்புறம் வேற வழி?”

நடுவர் அம்மாள் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். மற்ற நான்கு மேசைக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். கிரெஸென்ஸ் யாருக்கோ கோப்பையை நிரப்பிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

“சண்டை எதுக்கு? ஆறு பேரோடதையும் ஒரே தொட்டியிலதான் ஊத்தினேன்.”