கோழிமுட்டைக்குக் கீமோ

குடியிருப்போர் கூட்டம் என்றால் பாக்கார் ஆராங் பொது மண்டபத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். அதிலும் நால்வர் தேநீருக்காக. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்க இடமில்லை. குருண் தோட்டங்களிலிருந்து இரண்டு வேன், தஞ்சோங் டாவாயிலிருந்து ஒரு வேன். வந்திருப்பவர் டாக்டர் சிவநேசன் ஆயிற்றே! எந்தக் கல்லூரி டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. போன வருடம் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றபோது அவர் வெறும் சிவநேசன்தான்.

இந்த வருடம் அவர் விற்பது 'கர்ப்பக் கவசம்'. ஊதா நிற மாத்திரை. உள்ளே ஆன்டிஆக்ஸிடன்ட். கீமோ எடுக்கும் பெண்களின் சினைப்பையை அது அப்படியே பாதுகாத்துவிடுமாம். கீமோ எடுக்காத பெண்களுக்கும் நல்லதாம். ஆண்கள் சாப்பிட்டால் முழங்கால் வலி போகுமாம். சினைப்பை இல்லாதவனைக்கூட மனிதர் விட்டுவைக்கவில்லை.

முன்வரிசையில் யோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி ஒன்றரை வருடம். மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்தில் கீமோ தொடங்க வேண்டும். அதற்குமுன் வியாழக்கிழமை பினாங்குக்குப் போய், கருமுட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்த முடியுமா என்று நிபுணரிடம் பேசச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அந்த வியாழனை விட்டால் வேறு நாள் இல்லை. கடிதம் மாமியார் மருதம்மாளின் கைப்பையில், நான்காக மடித்துக் கிடந்தது.

"மாத்திரையிலயே காரியம் ஆவுதுன்னா எதுக்கும்மா பினாங்கு, ஊசி எல்லாம்? உடம்ப ஏன் போட்டுக் குத்தணும்?" என்றார் மருதம்மாள். மருமகள் மேல் அவருக்கு உயிர். அதுதான் ஆபத்து. அன்பு இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் இந்த வியாபாரிகள் கதவைத் தட்டுகிறார்கள்.

பக்கத்தில் மருதம்மாளின் மகள் பிரேமாவதி. இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளர். காரோட்டிக்கொண்டு வந்தவள்.

மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளை, இரண்டு வெள்ளைக் கோழிமுட்டை. நடுவில் பித்தளைத் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம். தோட்டத்து மாரியம்மன் பாதத்தில் வைத்து எடுத்த பழமாம். அது மேசையில் இல்லாமல் டாக்டர் மாத்திரை டப்பாவையே திறப்பதில்லையாம்.

"முட்டைதான் உங்க சினைப்பை. இதுதான் கீமோ," என்று சிவநேசன் இரண்டு குவளைத் தண்ணீரிலும் ஒரு புட்டியிலிருந்து சில சொட்டு விட்டார். தண்ணீர் பழுப்பானது. இரண்டாவது குவளையில் ஊதா மாத்திரையை உடைத்து, உள்ளிருந்த தூளைக் கொட்டிக் கலக்கினார். பழுப்பு மறைந்து தண்ணீர் வெளுத்தது. முட்டைகளைப் போட்டுச் சற்றுநேரம் கழித்து எடுத்தார். முதல் முட்டை கறை பிடித்திருந்தது. இரண்டாவது முட்டை வெள்ளையாகவே இருந்தது.

மண்டபமே கைதட்டியது. கோழிமுட்டைக்குக் கீமோ கொடுத்த முதல் மனிதர் அல்லவா!

யோகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. "அக்கா, அந்த வெள்ள முட்டைய பாத்தீங்களா?" என்று பிரேமாவதியின் கையைப் பிடித்தாள். பிரேமாவதி முட்டையைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுளித்தாள். தினமும் கழுவுகிற சோதனைக் குழாய்களின் வாடை அது. எழுந்து மேசைக்குப் போனாள்.

"சார், இன்னொரு கிளாஸ் கீமோ கலக்கித் தாங்க."

பெரிய ஆர்டர் வரப்போகிறது என்று சிவநேசன் சிரித்துக்கொண்டே கலக்கிக் கொடுத்தார். பிரேமாவதி தட்டிலிருந்த எலுமிச்சையை எடுத்து, கார்ச் சாவியால் குத்தி, குவளையில் பிழிந்தாள். பழுப்பு நிறம் பறந்துவிட்டது.

மண்டபமே எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சக்திலா! அந்தக் கோயில் பழம் எங்க கெடைக்கும்?"

பிரேமாவதி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வாசலில் பானம் விற்ற அழகேசனிடமிருந்து, யார் பாதத்திலும் வைக்காத ஒரு எலுமிச்சையை வாங்கி வரும்படி அந்த அம்மாளிடமே சொன்னாள். அதைப் பிழிந்ததும் அடுத்த குவளையும் வெளுத்தது.

"இது காயத்துக்குப் போடுற அயோடின் மருந்து. புளிச்ச பழத்துல இருக்குற வைட்டமின் சி பட்டா நெறம் போயிரும். இந்த மாத்திரையிலயும் அதத்தான் போட்டிருப்பாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க செய்றதுதான். சினைப்பைக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்றவள் சிவநேசனிடம் திரும்பினாள். "சார், எங்க யோகேஸுக்குக் குடுக்கப்போற கீமோ மருந்து பேர் என்னா?"

"அது... எல்லாக் கீமோவும் ஒண்ணுதான்மா."

"இத எந்த டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டீங்க? இத சாப்பிட்டு சினைப்பை தப்பிச்ச ஒரு பொம்பளைய காட்டுங்க."

சிவநேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அலோர் ஸ்டாரில் அடுத்த கூட்டம் இருக்கிறதாம். டப்பாக்களை அள்ளிக்கொண்டு அவர் கிளம்பிய வேகத்தில், முழங்கால் வலி அவருக்கு மட்டும் நிஜமாகவே போய்விட்டது தெரிந்தது. பித்தளைத் தட்டைக்கூட மறந்துவிட்டார்.

மருதம்மாள் கைப்பையைத் திறந்து, கடிதத்தின் மடிப்பை மடியில் வைத்து நீவினார். "வியாழக்கிழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.

போனார்கள். திரும்பி வந்ததும் பின்வரிசை அம்மாள் வீட்டுக்கே வந்து விசாரித்தார். "அங்க என்னாமா காட்டுனாங்க?"

"ஒண்ணும் காட்டலக்கா. முட்டைய எடுத்து வைக்கலாம், ஆனா கட்டாயம் பிள்ள பொறக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. நான் சரின்னுட்டேன்," என்றாள் யோகேஸ்வரி.

அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "உறுதி சொல்ல முடியலன்னா அவரு என்னா டாக்டர்?"

பார்த்தீர்களா? உள்ளதைச் சொன்னவர்மேல் சந்தேகம். முட்டையைக் காட்டியவனுக்குக் கைதட்டல். நம்மிடம் சந்தேகத்துக்குக் குறைவே இல்லை, மக்களே. அதை மண்டபத்து வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். அடுத்தமுறை செருப்பை மட்டும் கழற்றுங்கள்.